அஸ்டோரியா நகரச் செய்தித்தாள்கள்: ஓர் ஆற்றுமுகத் துறைமுகமும் அதன் அச்சு மொழிகளும்

முன்னுரை

வட அமெரிக்காவின் மேலைக் கரையில், கொலம்பியா ஆறு பசிபிக் மாகடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த சிறுநகரம் அஸ்டோரியா. ஓரிகன் மாநிலத்தின் கிளாட்சாப் மாவட்டத்திற்கு அதுவே தலைநகர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 10,181 மட்டுமே. நூறாண்டுகளுக்கு முன், 1920இல், அங்கு 14,027 பேர் வாழ்ந்தனர். அக்காலத்தில் அவ்வூரில் மூன்று நாளேடுகள் வெளிவந்தன. அவற்றுள் இரண்டு ஆங்கில ஏடுகள், ஒன்று ஃபின்னிய மொழி ஏடு. 1931ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த மூன்றும் ஒன்றாகச் சுருங்கிவிட்டன. இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் அந்நகரின் வரலாற்றில் எவை பதிவாயின, எவை விடுபட்டன என்பவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஓர் அமெரிக்கச் சிறுநகரின் ஏடுகளைப் பற்றி இந்திய ஆய்வியல் சார்ந்த இதழில் எழுதுவானேன் என்னும் வினா எழலாம். பின்னாளில் கதர் கட்சி எனப் பெயர்பெற்ற விடுதலை இயக்கம் 1913ஆம் ஆண்டில் உருப்பெற்றது அஸ்டோரியாவில்தான். (கதர் என்பது ஈண்டு கிளர்ச்சி எனப் பொருள்படும் உருதுச் சொல். கைராட்டையில் நூற்ற நூலாலான கதரோடு இதனை மயக்குதல் கூடாது. நம் மாணவர்களிடையே இம்மயக்கத்தை நாம் பலமுறை கண்டுள்ளோம்.) அவ்வியக்கத்தின் தோற்றம் நெடுங்காலம் உள்ளூர் நினைவிலிருந்து மறைந்து கிடந்ததற்கும், பின்னர் மீட்கப்பட்டதற்கும் அந்நகர ஏடுகளின் போக்கே பெருங்காரணம். எனவே அவ்வேடுகளின் வரலாறு நமக்கும் உரியதாகிறது.

நீராவிக் கப்பலும் அச்சுக்கூடமும்

ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்னும் வணிகரின் பசிபிக் மென்மயிர் நிறுவனம் 1811இல் நிறுவிய வணிகக் கோட்டையே அஸ்டோரியாவின் தொடக்கம். ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே அமெரிக்கர் அமைத்த குடியிருப்புகளுள் நிலைத்து நின்றவற்றில் இதுவே மூத்தது. மலைக்கு மேற்கே அமெரிக்க அரசின் முதல் அஞ்சலகமும் 1847இல் இங்குத்தான் திறக்கப்பட்டது. ஆயினும் ஊரின் மூப்புக்கும் ஏட்டின் தோற்றத்திற்கும் தொடர்பில்லை. பசிபிக் கரையின் முதற் செய்தித்தாளாகிய ‘ஓரிகன் ஸ்பெக்டேட்டர்’ 1846 பிப்ரவரியில் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஓரிகன் சிட்டியில் வெளிவந்தது. அஸ்டோரியா தன் முதல் ஏட்டுக்கு 1860கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போது தோன்றிய ‘மரீன் கெசட்’ நெடுநாள் வாழவில்லை. ஏடு பிறப்பதற்கு நீதிமன்றமும் வேண்டும், விளம்பரம் தரும் வணிகரும் வேண்டும், அரசு அறிவிப்புகளும் வேண்டும். பழம்பெருமை மட்டும் அச்சுக்கூலி தருவதில்லை.

நிலையான ஏட்டைத் தந்தவர் டி.சி. அயர்லாந்து என்னும் அச்சாளர். ஓரிகன் சிட்டியில் 1866இல் ‘எண்டர்பிரைஸ்’ என்னும் ஏட்டைத் தொடங்கி நடத்திய பட்டறிவுடன் அஸ்டோரியாவுக்கு வந்த அவர், 1873 ஜூலை முதல் நாள் வாரம் மும்முறை வரும் ‘அஸ்டோரியன்’ ஏட்டைத் தொடங்கினார். அது 1876இல் நாளேடாயிற்று. அதே ஆண்டில்தான் மாநிலச் சட்டமன்றம் அஸ்டோரியாவுக்கு நகர உரிமையை வழங்கியது. அயர்லாந்து நகரத் தலைவராகவும் பணியாற்றினார். ஏட்டாசிரியரே நகரத் தலைவராவது அக்கால அமெரிக்க மேற்கில் வியப்புக்குரியதன்று. ஏடு என்பது ஊரைப் புகழ்ந்து குடியேறிகளையும் முதலையும் ஈர்க்கும் கருவியாகவே கருதப்பட்டது. அந்நோக்கோடு எழுதப்பட்டவற்றை ஆய்வாளர் அப்படியே உண்மையெனக் கொள்ளுதல் ஆகாது.

அக்கால இதழ்களைப் புரட்டுவோர் கண்ணில் முதலில் படுவது கப்பல் வரவு செலவுப் பட்டியல். கொலம்பியா ஆற்றின் முகத்துவார மணற்றிட்டு மாலுமிகளின் இடுகாடு எனப் பெயரெடுத்தது. எந்தக் கப்பல் திட்டைக் கடந்தது, எது வெளியே காத்து நின்றது என்பதே ஊரின் முதற் செய்தி. அடுத்து வருவது சால்மன் மீனின் விலை. அதனையடுத்து நில அறிவிப்புகள் வரிசையாக நிற்கும். 1878ஆம் ஆண்டின் மரம் மற்றும் கல் சட்டப்படி, அரசுக் காட்டு நிலத்தை வாங்க விரும்புவோர் அந்நிலத்திற்கு அண்மையிலுள்ள செய்தித்தாளில் 60 நாள் அறிவிப்பு வெளியிட வேண்டும். கட்டணத்தை விண்ணப்பதாரரே செலுத்துவார். மேற்குக் கரைச் சிற்றேடுகள் பலவும் வாசகரின் சந்தாவைவிட இத்தகைய கட்டாய அறிவிப்புகளால்தான் பிழைத்தன எனலாம். பின்னாளில் அக்காடுகள் எவ்வாறு பெருநிறுவனங்களின் கைக்கு மாறின என்பதை ஆராய்வோர்க்கு அந்தச் சலிப்பூட்டும் பத்திகளே அரிய சான்றுகளாய் அமைந்தமை நோக்கத்தக்கது.

‘டெய்லி அஸ்டோரியன்’ 1883இல் ‘டெய்லி மார்னிங் அஸ்டோரியன்’ எனவும், 1899இல் ‘மார்னிங் அஸ்டோரியன்’ எனவும் பெயர் மாறியது. 1890களில் அதற்குப் போட்டியாக ‘பட்ஜெட்’ என்னும் மாலையேடு தோன்றியது. காலையேடும் மாலையேடுமாக ஊர் ஆங்கில வாசகரைப் பங்கிட்டுக்கொண்டது.

மீன் பதனிடும் ஆலைகளும் பேசாத மாந்தரும்

கொலம்பியா ஆற்றில் சால்மனைத் தகரக் குவளையில் அடைக்கும் தொழில் 1866இல் தொடங்கியது. 1883இல் அது உச்சத்தை எட்டியபோது ஆற்றோரத்தில் ஏறத்தாழ நாற்பது ஆலைகள் இயங்கின. அவ்வோராண்டில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் நிரப்பப்பட்டன. அவ்வாலைகளின் தலைமையிடம் அஸ்டோரியா. ஊரின் மக்கள்தொகை 1880இல் 2,803 ஆகவும் 1890இல் 6,184 ஆகவும் பெருகியது இதனால்தான்.

மீனை வெட்டித் துப்புரவாக்கிக் குவளையில் அடைத்தவர் பெரும்பாலும் சீனர். 1885இல் வாஷிங்டன் ஆட்சிப்பகுதியின் டகோமா நகரத்தார் தம் ஊர்ச் சீனரைக் கூட்டமாக விரட்டினர். மறு ஆண்டு சியாட்டிலிலும் அதே முயற்சி நடந்தது. அஸ்டோரியாவில் அவ்வாறு நிகழவில்லை. ஆலை முதலாளிகளுக்குச் சீனரின் கைத்திறன் இன்றியமையாததாக இருந்தது. அதனால் ஏடுகள் சீனரை மதித்தன என்று கொள்ளற்க. இழிசொற்கள் அவற்றில் தாராளமாகப் புழங்கின. ஊரில் பெரும் பங்கினராயிருந்த ஓர் இனத்தார், கைது செய்யப்பட்டாலோ திருவிழாக் கொண்டாடினாலோ மட்டுமே பத்தியில் இடம்பெற்றனர். அவர்தம் குரலை அப்பக்கங்களில் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சியே.

தோவெரி, தோவெரித்தார்

மீனைப் பிடித்தவர் வேறு மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஃபின்லாந்திலிருந்து வந்தோர் படகுத் தொழிலில் முதன்மை பெற்றனர். நகரின் மேற்குப் பகுதியாகிய யூனியன்டவுன் அவர்களது குடியிருப்பாயிற்று. மீனவர் சங்கமும், 1896ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை அடுத்து அமைந்த மீனவர் கூட்டுறவு ஆலையும் அவர்களது உழைப்பால் வளர்ந்தவை. ஃபின்னியர் எங்குக் குடியேறினும் திருச்சபை, மதுவிலக்குச் சங்கம், தொழிலாளர் கழகம் ஆகிய மூன்றையும் உடன்கொண்டு சென்றனர். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏட்டை நாடியது. அஸ்டோரியாவில் 1890கள் முதற்கொண்டு ஃபின்னிய மொழியில் ஏடுகள் தோன்றி மறைந்தன.

அவற்றுள் தலையாயது ‘தோவெரி’. தோழன் என்பது அதன் பொருள். 1907 டிசம்பரில் சோஷலிசத் தொழிலாளர் இதனைத் தொடங்கினர். இதனை வெளியிட்டது மேற்கத்தியத் தொழிலாளர் கூட்டுறவுப் பதிப்பகம். தனியொருவர் முதலாளியல்லர். பங்குகளை வாங்கிய மீனவரும் மரந்தறிப்போரும் சுரங்கத் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களுமே உடைமையாளர். அமெரிக்க ஃபின்னிய சோஷலிச இயக்கம் நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பகுத்துக்கொண்டது. கிழக்கே மாசசூசெட்சின் ஃபிட்ச்பர்க்கில் ‘ரைவாயா’, நடுப்பகுதியில் ‘த்யோமியெஸ்’, மேற்கே ‘தோவெரி’ என மூன்று ஏடுகள் அவற்றுக்குரியவை. ஆகவே அஸ்டோரியாவில் அச்சான இவ்வேடு அவ்வூரில் மட்டும் படிக்கப்பட்டதன்று. மொன்டானாச் சுரங்கங்கள், வாஷிங்டன் மரமுகாம்கள், கலிபோர்னியா, கனடாவின் மேற்குப் பகுதி என அஞ்சல் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. 1912இல் அது நாளேடாயிற்று.

1911 ஜூலையில் அதே பதிப்பகம் ‘தோவெரித்தார்’ என்னும் பெண்கள் வார ஏட்டைத் தொடங்கியது. தோழி என்பது பொருள். இதனை நாம் சற்று விரிவாக நோக்குதல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களுக்கு வந்த ஃபின்னியப் பெண்களுள் பெருந்தொகையினர் செல்வர் வீட்டுப் பணிப்பெண்கள். மரமுகாம்களில் நூறு பேருக்குச் சமைத்தவரும் உளர். இத்தகையோர் தாமே எழுதிய கடிதங்கள் இவ்வேட்டின் உயிர்நாடி. கூலி உயர்வு, வாக்குரிமை, குழந்தை வளர்ப்பு, மகப்பேற்றுக் கட்டுப்பாடு, தையல், கதை, பாட்டு ஆகியன ஒரே இதழில் அடுத்தடுத்து அமைந்தன. ஊரின் ஆங்கில ஏடுகளில் மகளிர் பக்கம் என்பது விருந்துகளையும் திருமணங்களையும் பற்றியதாக இருந்த காலம் அது. 1915 முதல் பல்லாண்டு ஆசிரியராயிருந்த செல்மா யோகெலா மெக்கோன் இவ்வேட்டைப் பல ஆயிரம் வாசகரிடம் கொண்டு சேர்த்தார். கனடாவிலும் அதற்கு வலுவான வாசகர் வட்டம் இருந்தது. தொலைவில் ஒரு பண்ணையில் தனித்திருக்கும் பெண்ணுக்கு மாதத்தில் நான்கு முறை தன் மொழியில் ஓர் உரையாடல் கிட்டியது என்பதை எண்ணிப் பார்த்தால், ‘உள்ளூர் ஏடு’ என்னும் சொல் எத்துணைக் குறுகியது என்பது புலனாகும்.

1913: ஒரு சிறு அறிவிப்பு

ஹேமண்ட் மர நிறுவனத்தின் அறுவை ஆலை நகரின் கிழக்குப் பகுதியில் இருந்தது. அதில் வேலை செய்தோருள் பஞ்சாபிலிருந்து வந்தோர் ஏறத்தாழ நூறு பேர் என்று ஆய்வாளர் கணிப்பர். பெரும்பாலோர் சீக்கியர். சிலர் இந்துக்களும் முஸ்லிம்களும் ஆவர். ஆயினும் ஏடுகள் அனைவரையும் ‘இந்து’ என்றே எழுதின. அவர்கள் தங்கிய தெருவும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டது.

1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலும், 1910 மார்ச்சில் போர்ட்லாந்தை அடுத்த செயின்ட் ஜான்சிலும் வெள்ளைத் தொழிலாளர் கூட்டம் இந்தியரைத் தாக்கி ஊரைவிட்டு விரட்டியது. அஸ்டோரியாவில் அவர்கள் ஒப்பீட்டளவில் அமைதியாக வாழ்ந்தனர். அவ்வூரில் நடந்த மற்போர்ப் பந்தயங்களில் இந்தியர் கலந்துகொண்ட செய்திகளை உள்ளூர் ஏடுகள் ஆர்வத்தோடு வெளியிட்டன. இச்செய்திகளை விளையாட்டுத் துணுக்குகள் எனத் தள்ளிவிடலாகாது. கைது, கலகம் என்பவற்றுக்கு அப்பால் இந்தியர் பெயரோடும் உருவோடும் அச்சில் தோன்றிய அரிய இடங்கள் அவை.

1913ஆம் ஆண்டில் கொலம்பியா ஆற்றோர ஆலைகளின் இந்தியத் தொழிலாளர் கூடிப் பசிபிக் கரை இந்துஸ்தான் சங்கத்தை அமைத்தனர். கூட்டத்தின் நாள் குறித்து மூலங்கள் வேறுபடுகின்றன. சோகன் சிங் பக்னா தலைவராகவும், லாலா ஹர்தயாள் செயலாளராகவும், காஷிராம் பொருளாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சங்கத்தின் முதன்மைத் தீர்மானம் ஓர் ஏட்டை வெளியிடுவது. ஆலைக்கூலியிலிருந்து தொழிலாளர் கொடுத்த டாலர்களே அதற்கு முதல். சான் பிரான்சிஸ்கோவில் அச்சகம் அமைக்கப்பெற்று, 1913 நவம்பர் முதல் நாள் ‘கதர்’ உருதுவில் வெளிவந்தது. டிசம்பரில் பஞ்சாபிப் பதிப்பும் தொடர்ந்தது.

ஹர்தயாளின் பொதுச் சொற்பொழிவு ஃபின்னிய சோஷலிச மண்டபத்தில் நடைபெறும் என்னும் செய்தி அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஊர் ஏட்டில் சிறு அறிவிப்பாக வெளிவந்தது. ஸ்டான்போர்டில் கற்பித்த அறிஞர் ஒருவர் வருகிறார் என்ற அளவில் அது அமைந்தது. வட அமெரிக்க இந்தியரின் மிகப் பெரிய விடுதலை இயக்கம் தம் ஊரில் உருவாகிறது என்று ஆசிரியர் உணர்ந்ததற்கான குறிப்பு அதில் இல்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதே மண்டபத்தைச் சுற்றி இயங்கிய தோவெரியைப் பற்றி நாம் வேறொன்று கருத இடமுண்டு. கூலித் தொழிலாளர் தம் காசைத் திரட்டித் தமக்கென அச்சகம் அமைத்துத் தம் மொழியில் ஏடு நடத்தி, அதனை அஞ்சல் வழியே நெடுந்தொலைவு பரப்ப இயலும் என்பதற்கு அவ்வூரிலேயே ஆறாண்டுகளாகச் சான்று கண்முன் நின்றது. இந்தியர் அதனைப் பார்த்துத்தான் முடிவெடுத்தனர் என்று கூற ஆவணச் சான்றில்லை. வங்கத்தின் ‘யுகாந்தர்’ முதலிய ஏடுகளும் அவர்க்கு முன்மாதிரிகள். கதர் அலுவலகத்துக்கு யுகாந்தர் ஆசிரமம் என்றே பெயர். எனினும் இரு சமூகமும் ஒரே மண்டபத்தைப் பகிர்ந்துகொண்டதைத் தற்செயல் என்று கடந்துசெல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டதும் கதர் இயக்கத்தார் தாயகம் திரும்பப் புறப்பட்டனர். அஸ்டோரியாவிலிருந்து தெற்கே செல்லும் ஒவ்வொரு தொடர்வண்டியிலும் படகிலும் இந்தியர் செல்கின்றனர், இப்படியே போனால் ஊரில் இந்தியரே இல்லாமற் போவர் என்னும் பொருள்படப் போர்ட்லாந்து ஏடொன்று எழுதியது. இவ்வியக்கத்தின் ஏடும் துண்டறிக்கைகளும் நம் வட்டாரத்தையும் எட்டின. 1915 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் ஐந்தாம் இலகு காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தமைக்குக் கதர் பரப்புரை எவ்வளவு காரணம் என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன் முடிவில் 47 வீரர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஓரிகன் மர ஆலையில் ஈட்டிய கூலி அச்சாக மாறிப் படைவீடுகள் வரை பயணம் செய்தது.

அஸ்டோரியா இந்தியருள் இன்னொருவரையும் குறிப்பிடல் வேண்டும். ஹேமண்ட் ஆலையில் வேலை பார்த்த பகத் சிங் திண்டுக்கு 1920இல் ஓரிகன் நீதிமன்றம் குடியுரிமை வழங்கியது. 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் சட்டப்படி ‘வெள்ளையர்’ ஆகார் எனத் தீர்ப்பளித்து அதனைச் செல்லாததாக்கியது.

போரும் முகமூடியும்

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் பிறமொழி ஏடுகள் ஐயத்துக்குள்ளாயின. அவ்வாண்டு அக்டோபரில் இயற்றப்பெற்ற பகைநாட்டு வணிகச் சட்டம், போர் குறித்துப் பிறமொழியில் எழுதப்படும் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை அஞ்சலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என விதித்தது. அஞ்சலையே நம்பி வாழ்ந்த தோவெரிக்கு இது கழுத்தில் வைத்த கத்தி. அதன் பொறுப்பாளர்மீது உளவுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டு, அது மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. போர் முடிந்த பின்னும் நெருக்கடி ஓயவில்லை. பிறமொழி ஏடுகள் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் உடன் அச்சிட வேண்டுமென 1920இல் ஓரிகன் சட்டமன்றம் தன் பங்குக்கு ஒரு சட்டம் இயற்றியது. அதனை முற்றாகக் கடைப்பிடிப்பின் தாளும் அச்சுக்கோப்பும் இருமடங்காகும் என்பதை அச்சுத்தொழில் அறிந்தோர் உடனே உணர்வர்.

இதே சூழலில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை மேலாதிக்க அமைப்பு ஓரிகனில் வேர் கொண்டது. கறுப்பின மக்கள் மிகக் குறைவாக இருந்த அம்மாநிலத்தில் அதன் பகை கத்தோலிக்கர்மீதும் குடியேறிகள்மீதும் திரும்பியது. குடியேறிகள் நிறைந்த அஸ்டோரியா அதற்கு ஏற்ற களமாயிற்று. லெம் டெவர் என்பவரை ஆசிரியராகக் கொண்டு ‘வெஸ்டர்ன் அமெரிக்கன்’ என்னும் கிளான் ஏடு இங்கிருந்து வெளிவந்து பின்னர்ப் போர்ட்லாந்துக்குப் பெயர்ந்தது. 1922 நவம்பர்த் தேர்தலில் கிளான் ஆதரவு பெற்றவரே நகரத் தலைவரானார். தனியார் சமயப் பள்ளிகளை ஒடுக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்தை மாநில வாக்காளர் ஏற்றதும் அதே தேர்தலில்தான். 1925இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது.

ஓரிகன் ஏட்டாசிரியருள் பலர் அக்காலத்தில் வாளாவிருந்தனர். விளம்பரதாரர் கிளான் உறுப்பினராக இருக்கும்போது எதிர்த்தெழுதுவது வயிற்றில் அடித்துக்கொள்வதாகும். 1919இல் கிழக்கு ஓரிகனின் பெண்டில்டன் நகரப் பத்திரிகையாளரோடு சேர்ந்து ‘பட்ஜெட்’ ஏட்டை வாங்கிய மெர்ல் செஸ்மன், கிளானை எதிர்த்தெழுதிய சிலருள் ஒருவர். பின்னாளில் அவர் மாநில மேலவையிலும் உறுப்பினரானார். ஆங்கில ஏடுகள் அனைத்தையும் ஒரே நிறையில் எடைபோடுதல் தவறு என்பதற்கு இவர் எடுத்துக்காட்டு.

1922ஆம் ஆண்டு அஸ்டோரியாவுக்கு நெருப்பின் ஆண்டு. செப்டம்பரில் ஹேமண்ட் ஆலை எரிந்தது. அது மீண்டும் கட்டப்படாமையால் இந்தியர் பெரும்பாலோர் ஊரைவிட்டு அகன்றனர். டிசம்பர் 8ஆம் நாள் நகர நடுவிலிருந்த வணிகப் பகுதி முப்பது தெருக்கட்டங்கள் அளவுக்குச் சாம்பலாயிற்று. மரத்தூண்கள்மேல் பலகையிட்டு அமைத்த தெருக்களின் அடியில் தீ பரவியதால் அதனைத் தடுக்க இயலவில்லை. விளம்பரம் தரும் கடைகள் அனைத்தையும் ஒரே இரவில் இழந்த ஊரில் மூன்று நாளேடுகள் எத்தனை நாள் நிற்கும்?

ஓரேட்டு நகரம்

1930இல் ‘மார்னிங் அஸ்டோரியன்’ மாலையேட்டோடு இணைந்து ‘ஈவ்னிங் அஸ்டோரியன்-பட்ஜெட்’ ஆனது. அவ்வாண்டே தோவெரித்தார் விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகருக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது. 1931இல் தோவெரியும் நின்று, அதே நகரின் த்யோமியெஸ் ஏட்டோடு கலந்தது. பொருளாதாரப் பெருமந்தம் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஃபின்னிய இளந்தலைமுறை ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. பொதுவுடைமைக் கொள்கைப் பிளவுகள் வாசகரைச் சிதறடித்தன. பற்றுமிக்க வாசகருள் ஒரு பகுதியினர் 1930களின் தொடக்கத்தில் சோவியத் கரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். சிறுபான்மை மொழி ஏடுகளின் முடிவைக் குறித்து ஆராயும் நம் ஆசிரியர்களுக்கு இம்மூன்று காரணங்களுள் முதலாவது மிக அணுக்கமாகத் தோன்றும்.

இணைந்த ஏடு பின்னர் ‘டெய்லி அஸ்டோரியன்’ என்னும் பழம்பெயரையே மீண்டும் ஏற்றது. 1973 முதல் ஈஸ்ட் ஓரிகோனியன் நிறுவனத்தின் கீழ் இயங்கியது. 2019இல் வாரத்திற்கு மூன்று இதழாகக் குறைந்து, பெயரிலிருந்த ‘டெய்லி’ என்னும் சொல்லைக் கைவிட்டது. ஏறத்தாழ நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அயர்லாந்து தொடங்கிய அதே மும்முறைக் கணக்கிற்கே அது திரும்பியது. 2024 அக்டோபரில் நிறுவனத்தின் ஏடுகள் கார்ப்பென்டர் ஊடகக் குழுமத்துக்கு விற்கப்பட்டன. அத்துடன் ஏட்டின் உடைமை ஓரிகனைவிட்டு வெளியேறியது.

ஆவணமும் மறதியும்

1873 முதல் இடையறாது வெளிவரும் ஏடு என்பது ‘அஸ்டோரியன்’ பெருமை. அது பொய்யன்று. ஆனால் அத்தொடர்ச்சியே ஊரின் முழு நினைவாகக் கொள்ளப்படும்போது சிக்கல் எழுகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் ஓரிகன் பல்கலைக்கழகமும் 1876 முதல் 1930 வரையிலான அஸ்டோரியன் இதழ்களை மின்வடிவில் வழங்கியுள்ளன. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடியே எவரும் அவற்றைக் காணலாம். தோவெரியைப் படிக்க ஃபின்னிய மொழி தெரிதல் வேண்டும். எளிதில் தேடக் கிடைப்பதே வரலாறாகிவிடும் இடர்ப்பாடு இன்று முன்னைவிடப் பெரிது.

அஸ்டோரியாவில் சிறுமியாக வளர்ந்த கர்தார் தில்லன் முதுமையில் அவ்வூருக்குத் திரும்பி இந்தியரின் சுவடுகளைத் தேடினார். அத்தேடலை 1990களில் கிளாட்சாப் மாவட்ட வரலாற்றுக் கழகத்தின் ‘கம்டக்ஸ்’ காலாண்டிதழில் கட்டுரையாக எழுதினார். கம்டக்ஸ் என்பது ஆற்றோரப் பழங்குடியினரும் வணிகரும் பேசிய சினூக் கலப்புமொழிச் சொல். அறிதல் என்பது பொருள். 2012இல் ஜொஹானா ஆக்டன் என்னும் வரலாற்றாய்வாளர் ‘ஓரிகன் ஹிஸ்டாரிக்கல் குவார்ட்டர்லி’ இதழில் எழுதிய ஆய்வு, ஃபின்னிய மண்டபத்தையும் கதர் கூட்டத்தையும் உள்ளூர் ஏடுகளின் துணைகொண்டு மீண்டும் இணைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் அஸ்டோரியா நகரம் கதர் இயக்கத்தின் நூற்றாண்டைக் கொண்டாடி நினைவுப்பலகை அமைத்தது.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ள விழையும் மாணவர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மின்வடிவ அஸ்டோரியனில் ‘சீக்கியர்’ என்றோ ‘பஞ்சாபி’ என்றோ தேடினால் கிடைப்பது சொற்பம். ‘இந்து’ என்று அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் இரண்டிலும் தேட வேண்டும். பெயர்கள் கேட்ட ஒலிக்கேற்ப எழுதப்பட்டுள்ளமையால் ஒருவரே நான்கைந்து வடிவங்களில் காணப்படுவார். நீதிமன்றப் பத்தி, மற்போர்ச் செய்தி, அஞ்சலகத்தில் உரியவர் பெற்றுக்கொள்ளாத கடிதங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் விடாது பார்த்தல் நன்று.